ஆமாம் என்னும் சிறு படகு

ஆகஸ்ட் 11

வலக்கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கிறது. ஆனாலும் தமிழ்.

ஆகஸ்ட் 14

பேச்சுப் பயிற்சி அளிக்கும் கேட்லின் என்ற பெண் என்னை நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறாள். எந்த மொழியானாலும் பாதகமில்லையாம். ஒவ்வொரு நாளின் முடிவிலும் நன்றிக்குரிய ஒன்றைக் குறித்துவைக்க வேண்டுமாம். இந்த நாட்டில் நன்றியையும் மாத்திரையைப்போல் வேளை தவறாமல் உட்கொள்கிறார்கள்.

நடந்ததை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். என் பெயர் ஆவுடையம்மாள். பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். சில மாதங்கள் மகனோடு இருந்துவிட்டுப் போகலாமென்று டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகருக்கு வந்தேன். ஜூலையில் ஒரு காலைப்பொழுது, காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மருமகளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். முதலில் கோப்பை தரையில் கிடந்தது, பிறகு நான். மூளையில் இரத்த அடைப்பு என்றார்கள்.

கால் மீண்டுவிட்டது. கை மீண்டுகொண்டிருக்கிறது. தமிழ் சீக்கிரமே திரும்பியது, பிறரைக் கண்டிக்கப் போதுமான அளவில். ஆங்கிலம் திரும்பவில்லை. பிறர் பேசினால் பெரும்பாலும் புரிகிறது. பதில் சொல்லத்தான் சொல் இல்லை. நாற்காலியைப் பார்க்கிறேன். அதன் ஆங்கிலப் பெயர் வாசல்வரை வந்து நின்றுகொண்டு, உள்ளே வர மறுக்கிறது. பிறந்த மொழி தங்கி, படித்த மொழி போவது சிலருக்கு நேர்வதுண்டு என்கிறார் மருத்துவர். நான் சாப்பிட்ட சோறெல்லாம் அந்தப் படித்த மொழி போட்டது என்று அவருக்குச் சொல்ல விரும்பினேன். அதற்கும் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது.

இன்றைய நன்றி: உடைந்த கோப்பை என்னுடையதன்று.

ஆகஸ்ட் 20

சாப்பாட்டு மேசையில் மகன் மகராஜன் தொண்டையைச் செருமினான். அவன் தந்தையும் கெட்ட செய்திக்கு முன்னால் இப்படித்தான் செருமுவார்.

"அம்மா, டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கள்லா? அக்டோபர்ல ஒரு டெஸ்ட் வைப்பாங்க. அதுல நல்லா வந்தாத்தான் உங்களைத் தனியா பிளேன்ல அனுப்பலாம்னு லெட்டர் தருவாரு."

"தரட்டும்."

"வரலேன்னா இங்கனயே இருந்துருங்க. ஊர்ல அந்த பிளாட்டை வச்சிக்கிட்டு என்ன செய்ய? வாங்க ஆள் ரெடியா இருக்குன்னு தரகர் சொல்லுதாரு."

"ஆள் ரெடியா இருக்கலாம்ல. நான் ரெடியா இல்லியே."

"ஒத்தையில விழுந்து கெடந்தா யாரும்மா பாக்கது?"

"அத்தை மொதல்ல சாப்பிடட்டும்ங்க" என்றாள் மருமகள் தேன்மொழி. "பிளாட் எங்கீங்க ஓடிப் போயிருது?"

தேன்மொழி கோயம்புத்தூர்க்காரி, மரியாதையாலேயே ஆளைக் கொன்றுவிடக்கூடியவள். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் ஐந்தாவது நிமிடம் வந்து நிற்பாள். இதைக் குறை என்று சொல்ல இயலாது. எரிச்சலூட்டும் என்று மட்டும் சொல்லலாம். அவள் சுடும் சப்பாத்தி தனி விஷயம். அதை மெல்லுவதற்குக் கேட்லின் வேறு பயிற்சி அளிக்க வேண்டும்.

என் வீட்டைப் பற்றி ஒரு சொல். அது பூர்வீகச் சொத்தன்று; என் சம்பளத்தில் நான் வாங்கியது. அடுத்த கதவில் ஞானசௌந்தரி, தாவரவியல் துறையில் இருந்தவள். காலையில் செய்தித்தாள் வந்ததும் ஆங்கிலக் குறுக்கெழுத்துக்காக நாங்கள் இருவரும் நாகரிகமாகச் சண்டையிடுவோம். அவளுக்கு எழுத்துக்கூட்டல் வராது. நான் இல்லாமல் இத்தனை மாதங்களாகக் கட்டங்களை எப்படி நிரப்புகிறாளோ, நினைக்கவே பதைக்கிறது.

நவம்பரில் பயணச்சீட்டு. அக்டோபரில் தேர்வு. எனக்குத் தேர்வு புதிதன்று, தோற்பதுதான் பழக்கமில்லை.

செப்டம்பர் 4

கேட்லினுக்குப் பேறுகாலம், விடுப்பில் போகிறாள். கடைசி நாளன்று ஒரு யோசனை சொன்னாள். பக்கத்து நூலகத்தில் இலவச ஆங்கிலப் பயிற்சி நடக்கிறதாம். பெரியவர்கள் வகுப்பு எனக்குக் கடினமாக இருக்கும் என்பதை இதமாகச் சொன்னாள். மாலையில் இன்னொரு வகுப்பு உண்டு. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் சிறுபிள்ளைகளுக்கானது. அந்தப் பாடம்தான் எனக்குச் சரியான அளவாம்.

மகன் முகம் சிவந்துவிட்டது. "எங்கம்மா இங்கிலீஷ் புரொபசர்" என்று அவளிடமே சொன்னான். கேட்லின் "தெரியும்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

செப்டம்பர் 9

நாற்காலிகள் முழங்கால் உயரம். உட்கார்ந்தேன். எழுவதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வகுப்பை நடத்துபவள் ரோசால்பா. பருத்த உடம்பும், அதைவிடப் பெரிய குரலும். நான் யாரென்று பிள்ளைகளுக்குச் சொன்னாள். அவர்கள் மெக்சிகோவிலிருந்தும் ஹோண்டுராசிலிருந்தும் வந்த குடும்பத்துக் குழந்தைகள். வயதுவந்த பெண் எவரைக் கண்டாலும் "மிஸ்" என்று அழைப்பது அவர்கள் பள்ளி வழக்கம். ஆகவே நானும் மிஸ். மேடம் என்று அழைக்கப்பட்டவளுக்கு இது பதவி இறக்கம்; ஆயினும் இதே அறையில் இதே குட்டி நாற்காலியில் நானும் மாணவிதான் என்பதால் மேல்முறையீடு செய்யவில்லை.

பயிற்சித் தாள் வந்தது. ஒரு கழுதைப் படம். கழுதை பெட்டிக்கு மேலே, கழுதை பெட்டிக்குள்ளே, கழுதை பெட்டிக்கு அடியில். பொருத்தமான ஆங்கிலச் சொல்லை எழுத வேண்டும். அப்படித்தான் ஊகித்தேன், ஏனெனில் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு முழுவதும் ஸ்பானிஷில் இருந்தது. ஆங்கிலம் போனவளுக்கு, அறியாத ஸ்பானிஷ் வழியே ஆங்கிலம் கற்பிக்கிறார்கள். உலகம் தன் நகைச்சுவை உணர்வை இன்னும் இழந்துவிடவில்லை.

பக்கத்தில் ஒரு சிறுமி. பெயர் ஹிமேனா, எட்டு வயது இருக்கலாம். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. என் தாளை எட்டிப் பார்த்தாள். அவள் ஆங்கிலத்தில் பேசியதை இங்கே தமிழாக்குகிறேன். மூலத்தில் உள்ள உடைசலையும் சேர்த்தே பெயர்க்க வேண்டும் என்று என் மாணவிகளிடம் வற்புறுத்தியவள் நான், ஆகவே செப்பனிடவில்லை.

"மிஸ், நீ எழுதல. நீ பயம்?"

இல்லையென்று தலையை அசைத்தேன்.

"நான் பயம் முதல் நாள். நான் அழுதேன் பாத்ரூம்ல. நீ அழணும்னா, அங்க இருக்கு." கதவைக் காட்டினாள்.

இன்றைய நன்றி: அழுவதற்கு இடம் காட்டுகிறவர்கள் அரிது. பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 11

கழுதை பெட்டிக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினேன். சரி.

செப்டம்பர் 16

இன்று லோத்தெரியா. இது அவர்கள் நாட்டு வீட்டு விளையாட்டு. ஆளுக்கொரு அட்டை, அட்டையில் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம். நடுவில் ஒருத்தி சீட்டை உருவிப் படத்தின் பெயரைச் சொல்லுவாள். அந்தப் படம் நம் அட்டையில் இருந்தால் அதன்மேல் ஒரு பயறு வைக்க வேண்டும். அவர்கள் பயறு பழுப்பு நிறம், உடம்பெல்லாம் புள்ளி. மொச்சைக்குத் தூரத்து உறவு. ஒரு வரிசை நிறைந்தவர் "புவேனாஸ்!" என்று கூரை அதிரக் கத்தினால் வெற்றி.

ரோசால்பா இதில் ஒரு மாற்றம் செய்திருக்கிறாள். சீட்டை உருவுகிறவள் பெயரைச் சொல்லக்கூடாது. அந்தப் பொருளை ஆங்கிலத்தில் விவரிக்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல முறை. எனக்குத் தோன்றாமல் போனதே என்று சற்றுப் பொறாமையாக இருந்தது.

என் கை மெதுவாக இயங்குவதால் ஹிமேனாவும் நானும் ஒரே அட்டைக்குக் கூட்டாளிகள். அவள் கேட்பாள், நான் தலையசைப்பேன், அவள் பயறு வைப்பாள் அல்லது எடுப்பாள். தோற்றோம். அதுவும் எதிர்ப்பக்கத்து வில்மெர் என்ற வால்பையனிடம். அவள் என்னை முறைத்தாள். நான் எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னேன். அவள்தான் வைத்த பயறுகளை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 18

மீண்டும் தோல்வி. ஹிமேனா விளையாட்டை நிறுத்திவிட்டு, பயறுகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, ஒரு நீதிபதியின் முகத்தோடு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மிஸ். நீ பொண்ணு?"

நான் பதில் அசைத்தேன்.

"நீ கழுதை?"

அதற்கும் பதில் அசைத்தேன், சற்று வேகமாக.

"உன்கிட்ட மூக்கு இருக்கு?" "நீ வில்மெரைக் கல்யாணம் செய்யற?" வில்மெர் மேசைக்கு அடியில் போய்விட்டான். அவள் இரக்கமின்றி மேலும் சில கேள்விகள் கேட்டாள். பிறகு கண்கள் விரிய, "ஓ! உன் தலை பார்க்கிட்டோ!" என்று கூவினாள். பார்க்கிட்டோ என்றால் சிறு படகாம். கையைத் தண்ணீரில் மிதக்கும் படகுபோல் இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டினாள். குழந்தைகளின் கற்பனைக்கு இலக்கணம் இல்லை. நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஆட்டத்திலும் நாங்களே வென்றோம். "புவேனாஸ்" என்று நானும் கத்தினேன். தக்க காரணமிருந்தால் கத்துவதில் தவறில்லை.

செப்டம்பர் 25

பிள்ளைகளிடம் ஒரு புதுப் பழக்கம் தொற்றியிருக்கிறது. ரோசால்பா எதைக் கேட்டாலும் வாயைத் திறவாமல் கழுத்தைத் தளர்த்தி ஆடுகிறார்கள். ஏதோ இந்த ஊர் விளையாட்டு போலும். கழுத்து வலிக்காதா?

தேன்மொழி என்னை இறக்கிவிட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை வெளியே காரில் உட்கார்ந்து மடிக்கணினியில் அலுவலக வேலை பார்க்கிறாள். உள்ளே வந்து உட்காரலாமே என்றேன். "நீங்க படிக்கறப்ப நான் இருந்தா உங்களுக்குக் கூச்சமா இருக்குமுங்க அத்தை" என்றாள். எனக்கா? கூச்சமா?

நன்றி: அவள் உள்ளே வராததற்கு.

அக்டோபர் 2

தேர்வு முடிந்தது. கேட்லினுக்குப் பதிலாக உயரமான ஓர் இளைஞன். இதற்கு முன் மகராஜன் பக்கத்தில் அமர்ந்து, "அம்மா இதைச் சொல்லுதாங்க" என்று எடுத்துச் சொல்லுவான். இந்த முறை உறவினர் உள்ளே வரக்கூடாது என்பது விதி. வாயால் சொல்லலாம், இயலாவிட்டால் தலையை அசைத்தால் போதும் என்றான். கேள்விகள் சிறுபிள்ளைத்தனமாக இருந்தன. உன் பெயர் இதுவா, நீ இந்தியாவில் பிறந்தவளா, நீ ஆணா, நெருப்பு சுடுமா, கல் ரொட்டியைவிட மென்மையானதா. ஒன்றுகூடப் புரியாமல் இல்லை. ஒன்றுக்கும் தவறாகப் பதில் சொல்லவில்லை. பொருள்களின் பெயர் சொல்லும் பகுதியில் தடுமாறினேன். எனினும் பாதிக்கு மேல் வந்துவிட்டன.

ஞானசௌந்தரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்போ நவம்பர்ல வந்துருவீங்களா?" என்றாள். "பென்சிலைச் சீவி வைம்மா" என்றேன். குறுக்கெழுத்தைப் பென்சிலால் நிரப்புகிறவள் அவள். கோழை.

அக்டோபர் 7

அறிக்கை வந்துவிட்டது. மகராஜன் படித்தான். ஆங்கிலத்தில் படித்துவிட்டு, தேவையில்லாவிட்டாலும், தமிழிலும் சொன்னான். ஆம் என்று பதில் வரவேண்டிய கேள்விகளில் எதற்குமே நோயாளி சரியாகப் பதில் சொல்லவில்லை. எது கேட்டாலும் இல்லையென்றே தலையசைக்கும் போக்கு காணப்படுகிறது. சாதாரண வாக்கியங்களைப் புரிந்துகொள்வதிலேயே கடுமையான குறைபாடு. தனியே பயணம் செய்வது பாதுகாப்பன்று.

"உங்க பேரைக் கேட்டதுக்கே இல்லைன்னு சொல்லியிருக்கீங்கம்மா" என்றான். குரல் உடைந்துவிட்டது. என் மகன் என்முன் அழுது பல ஆண்டுகள் ஆகின்றன. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரகரிடம் பேசுவதாகச் சொன்னான்.



அக்டோபர் 8

எழுத ஒன்றுமில்லை.

பூண்டு உரித்தேன். மருமகள் கேட்டதைவிட அதிகமாக உரித்துவிட்டேன்.

அக்டோபர் 9

காலை. நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

என் பெயரை ஒருவன் சொல்லி, இது நீயா என்று கேட்டபோது, ஆம் என்றேன் என்று என் நினைவு சொல்கிறது. இல்லை என்றாய் என்று காகிதம் சொல்கிறது. கல்லூரியில் சரித்திரத் துறையின் மங்களம் கடைசிக் காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்தவர்களிடம் தான் மிகவும் நலமாக இருப்பதாகத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சேலையைத் தலைகீழாகக் கட்டியிருந்தாள். புத்தி போனவளுக்கு அது போனது தெரியாது. எனக்குத் தெளிவாக இருப்பதாகத் தோன்றுவதே அதன் அடையாளமாக இருக்கலாம். இந்தக் குறிப்புகளையும் வேறு எவரேனும் படித்தால், வெறும் கிறுக்கலாகக் காண்பார்களோ?

அப்படியாயின் மகராஜன் செய்வதே சரி. வீட்டை விற்றுவிடட்டும். நூலகத்துக்கு இனிப் போவதாயில்லை.

அக்டோபர் 9, மாலை

போனேன். போகமாட்டேன் என்று மூன்று விதமாகச் சொல்லிப்பார்த்தேன். "சரிங்க அத்தை" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே என் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள் தேன்மொழி. கோயம்புத்தூர் வன்முறை.

வகுப்பின் நடுவே பெருமழை. காரில் இருக்க முடியாமல் தேன்மொழி உள்ளே ஓடிவந்து, ஈரத் துப்பட்டாவோடு கதவருகே நின்றாள். அப்போது ரோசால்பா, "லோத்தெரியா ஆடலாமா?" என்று கேட்டாள். உடனே அறையிலிருந்த அத்தனை பிள்ளைகளும், ஹிமேனா, வில்மெர், எல்லோரும், ஒருசேரத் தலையை இடத்தோளுக்கும் வலத்தோளுக்கும் சாய்த்து ஆட்டினார்கள். பாளையங்கோட்டை முதலாண்டு வகுப்பின் முன்வரிசை எழுந்து வந்து மெக்சிகோக்காரப் பிள்ளைகளின் உடம்பில் புகுந்துகொண்டது போலிருந்தது.

தேன்மொழி சத்தமாகச் சிரித்துவிட்டாள். ஹிமேனாவிடம் குனிந்து, இதை எங்கே கற்றாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இது மிஸ்ஸோட ஆமா" என்றாள் ஹிமேனா. "மிஸ்ஸோட 'இல்லை', இப்படி." தலையை வெட்டித் திருப்பிக் காட்டினாள். "ஆமா, படகு. முதல்ல எனக்குத் தெரியல. நான் நினைச்சேன், அதுதான் 'இல்லை'. நாங்க தோத்தோம்."

தேன்மொழியின் சிரிப்பு பாதியில் நின்றது. அங்கிருந்த குட்டி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் திடீரென்று காரை ஓரமாக நிறுத்தி, கைப்பேசியில் அந்த அறிக்கையைத் திறந்தாள்.

"அத்தை, உங்க பேரு ஆவுடையம்மாளுங்களா?"

"என்ன விளையாட்டு இது?"

"வாயால வேண்டாமுங்க. தலைய ஆட்டிச் சொல்லுங்க."

ஆட்டினேன்.

"இந்தியாவுல பொறந்தீங்களா?"

ஆட்டினேன்.

"நீங்க ஆம்பளைங்களா?"

"உனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"

"தலைய ஆட்டுங்க அத்தை!" அவள் என்னை அதட்டியது இதுவே முதல் முறை. தலையைத் திருப்பினேன்.

ஸ்டீயரிங் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுதாளோ சிரித்தாளோ, முதுகு குலுங்கியது. நிமிர்ந்ததும் சொன்னாள்: "டெஸ்ட் வெச்ச அந்தப் பையன் இதைப் பாத்து எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டானுங்க அத்தை. நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. எல்லாத்தையும்."

என் தலை இப்படி ஆடுகிறது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வாழ்நாள் முழுவதும் ஆமாம் என்று சொல்ல ஆட்டிவந்திருக்கிறேன். அதைப் பார்த்த ஊரெல்லாம் அதே ஆட்டம் ஆடுகிற ஊர் என்பதால் எவரும் சொன்னதில்லை. தேன்மொழி காரிலிருந்தபடியே மருத்துவமனையை அழைத்தாள். அந்த மரியாதைக் குரலில் இவ்வளவு எஃகு இருப்பதை நான் அறிந்திருக்கவில்லை. இந்த மாத இறுதியில் மறுதேர்வு.

வீட்டில் மகராஜன் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து அமர்ந்தான். "எனக்கு இது தோணலையே. மகன் நான், எனக்குத் தோணாண்டாமா?"

"உங்க தலையும் அப்படித்தானுங்க ஆடுது" என்றாள் தேன்மொழி. "இப்பக்கூட."

"அப்போ தரகர்கிட்ட சொல்லிரட்டா? வேண்டாம்னு?"

நான் வாயால் சொன்னேன். இனி தலையை நம்புவதற்கில்லை.

இன்றைய நன்றி: தேன்மொழி. இதற்கு மேல் எழுதினால் நாளை அவள் முகத்தைப் பார்க்க இயலாது.

அக்டோபர் 14

ஹிமேனாவிடம் ரோசால்பா ஸ்பானிஷில் எல்லாவற்றையும் விளக்கினாள். அவள் கடுங்கோபம் கொண்டாள். அந்த இளைஞனுக்கு லோத்தெரியா ஆடத் தெரியாது என்பது அவள் தீர்ப்பு.

பிறகு பயிற்சியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். முறை இது: லோத்தெரியா அட்டை என் தலைமேல், அட்டையின்மேல் பயறுகள். அவள் கேள்வி கேட்பாள். தலை ஆடினால் பயறு விழும். விழுந்தால் நான் தோற்றேன். பதில் வாயால்தான் வரவேண்டும், ஆங்கிலத்தில்.

முதல் கேள்வி: "நீ பொண்ணு?" பயறெல்லாம் உருண்டோடின. வில்மெர் பொறுக்கினான். மீண்டும். மீண்டும் ஓடின. "மிஸ், நீ மரம்!" என்றாள். "மரம் ஆடாது!" காற்றடித்தால் ஆடும் என்று சொல்ல ஆங்கிலம் இல்லாததால் மரமாக இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கேள்வி வந்தது. கழுத்து துடித்தது; அடக்கினேன். போக வழியில்லாமல் அந்த ஆமாம் நெஞ்சுக்குள் அங்குமிங்கும் முட்டிவிட்டு, கடைசியில் வேறு வாசல் இல்லையென்று கண்டு நாக்குக்கு வந்தது.

"யெஸ்."

ஜூலைக்குப் பிறகு முதல் முறை. இத்தனை நாளும் தலை ஓடி ஓடி வேலையை முடித்துவிட்டதால் நாக்கு சுகமாகப் படுத்திருந்திருக்கிறது. என் வகுப்பிலும் அப்படிச் சில மாணவிகள் உண்டு.

"புவேனாஸ்!" என்று அறை அதிர்ந்தது. நூலகர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் அட்டையோடு ஒரு கிழவியைக் கண்டதும் பேசாமல் போய்விட்டார்.

அக்டோபர் 20

தீபாவளி. தேன்மொழி அதிரசம் செய்திருந்தாள். சப்பாத்தியோடு ஒப்பிட மென்மைதான். ஹிமேனா வீட்டுக்கும் கொடுத்தனுப்பச் சொன்னேன். தலையில் எண்ணெய் வைத்ததால் அட்டை வழுக்குகிறது; இன்று வீட்டுப் பயிற்சி இல்லை.

அக்டோபர் 28

மறுதேர்வு. அதே இளைஞன். எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தான்; காது மடல் சிவந்திருந்தது. தேன்மொழி உள்ளே அமர அனுமதி பெற்றிருந்தாள். தவறை ஒப்புக்கொள்கிறவனுக்கு நான் எப்போதும் மறுதேர்வு வைத்திருக்கிறேன், ஆகவே மன்னித்தேன்.

என் பெயர் இதுவா? யெஸ். இந்தியாவில் பிறந்தவளா? யெஸ். ஆணா? நோ. தலை கற்சிலைபோல் நின்றது. உச்சியில் பயறுகள் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். நெருப்பு சுடுமா? யெஸ். பிறகு அந்தக் கேள்வி: கல் ரொட்டியைவிட மென்மையானதா?

நோ என்றிருந்தால் போதும். ஆனால் அறையின் மூலையில் தேன்மொழி கைகளைப் பிசைந்தபடி அமர்ந்திருந்தாள். அவளைப் பார்த்தேன். எங்கிருந்தோ இரண்டு ஆங்கிலச் சொற்கள், யாரும் கூப்பிடாமல், வரிசையாக, இலக்கணப் பிழையின்றி வந்து நின்றன.

"எந்த ரொட்டி?" என்றேன்.

இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தை! எஞ் சப்பாத்தியையா சொல்றீங்க?" பிறகு அவனிடம் ஆங்கிலத்தில் விளக்கினாள், கண்ணில் நீர் வழிய. அவன் சிரித்துக்கொண்டே எதையோ நீளமாக எழுதினான். இதற்கு மதிப்பெண் கட்டம் ஏதும் இல்லையாம். குறிப்புப் பகுதியில் எழுதுகிறானாம்.

கடிதம் கிடைத்துவிட்டது. நவம்பரில் போகலாம்.

நன்றி: பல. சப்பாத்தி உட்பட.

நவம்பர் 6

வகுப்பில் கடைசி நாள். ஹிமேனா கழுதைத் தாளொன்றில் புதிதாக ஒரு படம் வரைந்து தந்தாள். பெட்டிக்குள் ஒரு கிழவி. பெட்டிக்கு இறக்கை முளைத்திருக்கிறது. கீழே ஆங்கிலத்தில், மிஸ் பெட்டிக்குள் இருக்கிறாள் என்று எழுதியிருந்தது. பிழையில்லை.

"மிஸ், உன் வீட்டுல யார்?"

ஞானசௌந்தரி என்றேன். அவள் பெயரைச் சொல்லிப்பார்த்து, பாதியில் கைவிட்டாள். தோழி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சற்றுத் தேடித்தான் கிடைத்தது, ஆனால் கிடைத்தது.

"அவளும் படகு?"

"யெஸ். எல்லாரும்."

"உன் ஊர்ல எல்லாரும் படகு?" கற்பனை செய்து பார்த்து மூச்சடைத்துப்போனாள். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி கேட்டாள்: "நீ திரும்ப வருவ?"

அதற்கான சொல் என் நாவில் தயாராக இருந்தது. மறுதேர்வில் வென்ற சொல். ஆனால் அதற்குள் தலை ஆடிவிட்டது, இடமும் வலமும், தன் பழைய கதியில். ஹிமேனா என் வாய்க்காகக் காத்திருக்கவில்லை. முன்பல் இல்லாத சிரிப்போடு பயறுகளை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள்.

என் வயதில் அப்படி வாக்குக் கொடுப்பது நேர்மையா என்று கேட்டால், தேன்மொழி அடுத்த ஆண்டுக்கு இப்போதே தேதி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் குறிக்கிறேன்.

நவம்பர் 8

விமான நிலையம். மகராஜன் கைப்பையை மூன்று முறை சரிபார்த்தான். "போய் இறங்கினதும் போன் போடுங்கம்மா. ஞானம் அத்தைகிட்டயும் சொல்லியிருக்கேன்." செருமினான். இந்த முறை கெட்ட செய்தி இல்லை, தொண்டைதான்.

தேன்மொழி வழிக்கு உணவு கட்டித் தந்தாள். சப்பாத்தி. "மெத்துனு இருக்குமுங்க அத்தை. பால் ஊத்திப் பெசஞ்சேன்" என்றாள். அவள் கன்னத்தைத் தொட்டேன். நான் யாரையும் தொட்டுப் பேசுகிறவளல்ல. அதனால் இருவருமே சற்று விழித்தோம்.

உள்ளே ஒரு மேசை. அதன்பின் சீருடையணிந்த ஓர் அதிகாரி, சலித்த முகம். கடவுச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தனியாகவா பயணம் செய்கிறீர்கள்?"

கழுத்து ஆயத்தமாவது தெரிந்தது. நிறுத்தினேன். உச்சந்தலையில் அட்டை. அட்டையின்மேல் புள்ளிப் பயறுகள். பின்னால் எங்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு வயது.

"யெஸ்" என்றேன்.

ஒரு பயறுகூட விழவில்லை.